பாசி தின்னும் பணியாளர்

கார்த்திகைத் தீபத்தை அடுத்த நாட்களில் திருவண்ணாமலை அய்யங்குளத்தில் தெப்பல் உற்சவம் நடைபெறுவதை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். விளக்கொளியில் தெப்பம் மெல்லச் சுற்றிவரும் அழகைக் காண, குளத்தின் நாற்புறப் படிகளிலும் மக்கள் நெருங்கி அமர்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கேனும் ஒரு மூலையிலிருந்து, “கீழ்ப்படிக்குப் போகாதே, பாசி வழுக்கும்!” என்று ஒரு தாயின் குரல் எழாமல் இராது. சிறுவனாக இருந்தபோது என் பாட்டியாரிடம் அதே எச்சரிக்கையைக் கேட்டவன்தான் நானும். வழுக்கும் அந்தப் பச்சைப் படலத்தைப் பற்றியும், அதை உண்பதற்கென்று மனிதன் தேடிப் பிடித்த சிற்றுயிர்களைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். பாசிக்கும் ஒரு சரித்திரமா என்று மாணவச் செல்வங்கள் நகைக்கக்கூடும். சரித்திரம் உண்டு; அதில் நமக்கு ஒரு படிப்பினையும் உண்டு.

இந்தச் சரித்திரத்தை நான் தேடிப் போகவில்லை. அது என்னைத் தேடி வந்தது. நான் பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், எங்கள் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்தோம். அடியில் ஆற்று மணல், அதில் வேரூன்றிய நீர்ச்செடிகள், இடையே சில சிறு மீன்கள். ஒரு மாதம் அது கண்ணுக்கு விருந்தாக இருந்தது. பிறகு கண்ணாடியெங்கும் பச்சை படர்ந்தது. செடியின் இலைகளில் நூல் நூலாகப் பாசி தொங்கியது. கடைக்காரர் ஒருவர், “சார், இதை விடுங்கள், பாசியெல்லாம் போய்விடும்” என்று சொல்லி, வாயினால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு நிற்கும் ஒரு கரிய மீன் குஞ்சைக் கொடுத்தார். சுண்டுவிரல் அளவே இருந்த அதனை வாங்கி விட்டவன் நானேதான். ‘டேங்க் கிளீனர்’ என்று அதற்குப் பெயர்.

சில மாதங்கள் அது சொன்ன வேலையைச் செய்தது. பின்னர் வளரத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் ஓரடிக்கு மேல் நீண்டுவிட்டது. பாசியை மறந்தது, மீன்களுக்கு இட்ட இரையைத் தானே உண்டது, இரவில் செடிகளை வேரோடு பெயர்த்தது. அப்பொழுது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “சார், பாவம், இதற்கு இடம் போதவில்லை. அய்யங்குளத்தில் விட்டுவிடலாமா? அங்கே பாசியும் நிறைய இருக்கிறது. குளமும் சுத்தமாகும், இதுவும் பிழைத்துக்கொள்ளும்” என்றான்.

எவ்வளவு நல்ல எண்ணம்! உயிரிரக்கமும் ஊர்ப்பற்றும் அதில் கலந்திருந்தன. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆயினும் ஆசிரியனுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடை தெரியாத வினாவுக்கு உடனே விடை சொல்லலாகாது. “தம்பி, ஒரு வாரம் பொறு, இருவரும் படித்துப் பார்ப்போம்” என்றேன். அந்த ஒரு வாரத்தில் தொடங்கிய படிப்பின் பயனே இந்தப் பேச்சு.

முதலில் பாசி என்பது யாதெனப் பார்ப்போம். பாசி அழுக்கன்று, அதுவும் ஓர் உயிர். வேரும் தண்டும் பூவும் இல்லாத எளிய தாவரம் என்று அதனைச் சொல்லலாம். சூரிய ஒளியும், நீரில் கரைந்த நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துக்களும் கிடைத்தால் போதும். அது தானே வந்து சேரும். குளத்தில் மீன்களுக்குப் பக்தர்கள் அள்ளி எறியும் பொரியில் மீன் உண்டது போக எஞ்சியது அழுகிச் சத்தாகிறது; மீனின் கழிவும் சத்தாகிறது. அந்தச் சத்தைப் பாசி உண்டு பெருகுகிறது. கண்ணாடித் தொட்டியிலும் இதே கதைதான். இரையை மிகுதியாக இட்டு, விளக்கை நெடுநேரம் எரியவிட்டு, செடிகளைக் குறைவாக வைப்பவர், தாம் அறியாமலே பாசியைப் பயிரிடுகிறார்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். குளங்களில் மீன் வளர்த்தல் மிகப் பழைய வழக்கம். ஆனால் கண்ணாடித் தொட்டியில் செடியும் மீனும் சேர்ந்து வாழும்படி அமைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய கலை. லண்டனில் நதானியல் வார்டு என்னும் மருத்துவர் 1829-இல், மூடிய கண்ணாடிக் குப்பியினுள் ஒரு பெரணிச் செடி தானே முளைத்துத் தழைப்பதைக் கண்டார். மூடிய கலத்தினுள்ளும் ஓர் உயிர் வாழ முடியும் என்பது அதனால் விளங்கிற்று. 1845-இல் இங்கிலாந்தில் கண்ணாடியின் மீதிருந்த வரி நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது. காலமும் கருவியும் இவ்வாறு கூடிவந்த வேளையில் ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் ஓர் ஆராய்ச்சியில் இறங்கினார்.

1849-இல் அவர் 12 காலன், அதாவது ஐம்பது லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் கொள்ளும் கண்ணாடிக் கலம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதில் பாதியளவு ஊற்றுநீரை நிரப்பி, மணலும் சேறும் கற்களும் இட்டு, நாடாவைப் போன்ற நீண்ட இலைகளையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கும். செடி விடும் பிராணவாயுவை மீன் ஏற்கும். ஆகவே நீரை மாற்ற வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் சில நாட்களில் பழுத்த இலைகள் அழுகின, நீர் கலங்கிற்று, கலத்தின் சுவரில் பச்சை வழுவழுப்புப் படிந்தது. செடியும் மீனும் மட்டும் போதா. மூன்றாவதாக ஒருவர் வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார்.

அந்த மூன்றாமவர் யார் தெரியுமா? குளத்து நத்தை! ஐந்தாறு நத்தைகளைப் பிடித்து விட்டார். அவை அழுகிய இலையையும் வழுவழுப்பையும் தின்று தீர்த்தன; அவை இட்ட முட்டைகள் மீன்களுக்கு இரையாயின. இந்த ஆராய்ச்சியை அவர் 1850-இல் லண்டன் இரசாயனக் கழகத்தில் எடுத்துரைத்தார். தாவரம், அதை உண்ணும் விலங்கு, இரண்டின் கழிவையும் துப்புரவு செய்யும் சிற்றுயிர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமநிலையைப் பற்றிய அழகிய பாடம் அது. பாசியைத் தின்பதற்கென ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்து ஆராய்ச்சி முறையில் தொட்டியில் வைத்ததற்கு இது ஒரு முன்னோடி எனலாம்.

1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன்களுக்கெனத் தனிக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் கோஸ் என்பவர் எழுதிய நூல், இத்தகைய தொட்டிக்கு ‘அக்வேரியம்’ என்ற பெயரை உலகெங்கும் பரப்பிற்று. அந்த ஆர்வம் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சியின் பயனாக, 1909-இல் மெரினாக் கடற்கரையில் ஒரு மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது அதுவே. 1919-இல் அது மீன்வளத் துறையின் பொறுப்புக்கு வந்தது. பிற்காலத்தில் சென்னையின் கொளத்தூர்ப் பகுதி வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. திருவண்ணாமலைக் கடைவீதியில் ஒரு சிறுவன் பாலித்தீன் பையில் இரண்டு மீன்களைச் சுமந்து செல்வதற்குப் பின்னே இத்தனை ஆண்டுக் கதை இருக்கிறது.

தொட்டி பெருகியது, கூடவே பாசியும் பெருகியது. அதை ஒழிக்க மனிதன் இரண்டு வழிகளை நாடினான். ஒன்று மருந்து, மற்றொன்று உயிர்.

மருந்து வழி எளிதாகத் தோன்றியது. 1904-இல் அமெரிக்க நாட்டு அறிஞர்களான மூர், கெல்லர்மன் இருவரும், குடிநீர்த் தேக்கங்களில் மயில்துத்தத்தை மிகச் சிறு அளவில் கரைத்தால் பாசி மடியும் என்று காட்டினார்கள். மயில்துத்தம் என்பது தாமிரமும் கந்தகமும் சேர்ந்த நீல உப்பு. தேக்கத்துக்கு ஏற்ற அந்த முறை சிறிய தொட்டிக்கு ஏற்கவில்லை. செத்த பாசி அழுகி நீரின் பிராணவாயுவைக் குறைக்கிறது. அதன் உடலிலிருந்த சத்து மீண்டும் நீரிலேயே கரைந்து, அடுத்த பாசிக்கு உணவாகிறது. அன்றியும், மீனுக்குத் தாங்கும் அளவுத் தாமிரம் நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சாகி முடிகிறது. துப்புரவு செய்வோரைக் கொன்று குப்பையை வளர்த்த கதையாயிற்று.

உயிர் வழியிலோ வேறு ஆபத்து காத்திருந்தது. இதற்கு நம் நாட்டிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. கொசுப் புழுவைத் தின்பதற்கென்று கம்பூசியா என்னும் சிறு மீன் 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பூர்விகம் வட அமெரிக்கா. மலேரியாவின் கொடுமையை அறிந்தவர்கள் எடுத்த முயற்சி அது, நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் கம்பூசியா கொசுப் புழுவோடு நிற்கவில்லை. பிற மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும், தவளையின் தலைப்பிரட்டைகளையும் தின்றது. கொசுப் புழுவைத் தின்னும் நம் நாட்டுச் சிறு மீன்களுக்கே அது பகையாயிற்று.

இரண்டாவது சான்று, ஏரிக்கரையில் விளையாடும் ஒவ்வொரு சிறுவனும் அறிந்த ஜிலேபி மீன். திலேப்பியா என்னும் அந்த ஆப்பிரிக்க மீன் 1952-இல் நம் நாட்டுக்கு வந்தது. பாசியையும் உண்டு எளிதில் வளரும்; ஏழைக்கு மலிவான உணவாகும் என்று நம்பினார்கள். அது முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காப்பதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. ஆகவே குளங்கள் அதனால் நிரம்பின. இடநெருக்கடியால் மீன்கள் குட்டையாகவே நின்றன. கெண்டையும் பிற நாட்டு மீன்களும் ஒதுங்க நேர்ந்தது. 1959-இலேயே அதைப் பரப்பலாகாது என்று தடை விதித்தார்கள். ஆனால் நீருக்குத் தடையுத்தரவு தெரியுமா? ஓர் ஏரி நிரம்பினால் மறுகால் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்கிறது. நீருடன் மீனும் செல்கிறது. இன்று ஜிலேபி இல்லாத ஏரியைக் காண்பது அரிது.

இவ்விரு சான்றுகளையும் படித்தபின், நானும் அந்த மாணவனும் மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதினோம். ஓர் உயிரைப் பணிக்கு அமர்த்துமுன் கேட்க வேண்டிய வினாக்கள் அவை. முதலாவது: அது வாழ்நாள் முழுவதும் எதை உண்ணும்? இரண்டாவது: அது எவ்வளவு வளரும், எங்கே, எப்படிப் பெருகும்? மூன்றாவது: நம் கை தவறி வெளியே போனால் யாருக்கு என்ன தீங்கு நேரும்?

எங்கள் தொட்டிக் கரியனை இவ்வினாக்களின் முன் நிறுத்தினோம். அது தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் கெளுத்தி வகை. குஞ்சாக இருக்கையில் பாசியை விரும்பித் தின்னும். வளர்ந்தபின் கிடைத்ததையெல்லாம் தின்னும். ஓரடியையும் தாண்டி வளரும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். அதனால் கரை சரியும். உடலெங்கும் எலும்புத் தகடும் முள்ளும் இருப்பதால் பிற உயிர்கள் அதை எளிதில் உண்ண முடியாது. வலையில் சிக்கினால் வலையைக் கிழிக்கும். காற்றையும் சுவாசிக்க வல்லதாதலால் நீர் கெட்டாலும் சாகாது. தொட்டியில் இடம் போதாமல் இரக்கமுள்ளவர்கள் குளத்தில் விட்ட மீன்கள், இன்று சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளிலும் கேரளத்திலும் வங்காளத்திலும் பெருகி, மீனவர்களின் வயிற்றில் அடிக்கின்றன.

மூன்று வினாக்களிலும் அது தோற்றது. அய்யங்குளத்தின் படியில் நின்று, “பிழைத்துப் போ” என்று நாங்கள் அதை விட்டிருந்தால், அந்த ஒரு கணத்து இரக்கத்துக்கு எத்தனை தலைமுறை மீன்கள் விலை கொடுத்திருக்குமோ! பெரிய தொட்டி வைத்திருந்த அன்பர் ஒருவரிடம் அதை ஒப்படைத்தோம். மாணவனின் முகம் சற்று வாடிற்று. “அப்படியானால் நம் தொட்டிப் பாசிக்கு என்ன வழி, சார்?” என்று கேட்டான்.

அதற்கு விடை ஜப்பான் நாட்டிலிருந்து கிடைத்தது. தகாஷி அமானோ என்பவர் 1954-இல் நீகாட்டா மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் சைக்கிள் பந்தய வீரர். பின்னர் இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிக்கும் புகைப்படக் கலைஞர். தாம் கண்ட காட்டையும் மலையையும் புல்வெளியையும் நீர்ச்செடிகளால் கண்ணாடித் தொட்டிக்குள் அமைக்க விரும்பினார். 1982-இல் அதற்கெனவே ஒரு நிறுவனம் தொடங்கினார். செடி தழைக்க வலிய ஒளியும் கரியமிலவாயுவும் கொடுத்தார். செடியுடன் போட்டியிட்டுப் பாசியும் தழைத்தது. மருந்திட்டால் செடிக்குக் கேடு. பெரிய மீனை விட்டால் செடியையே பெயர்த்துவிடும். இலையின் நுனியில் நின்றாலும் இலை வளையாத அளவுக்கு எடை குறைந்த பணியாளர் ஒருவர் தேவைப்பட்டார்.

பல உயிர்களைச் சோதித்துப் பார்த்த அமானோ, தம் நாட்டு ஓடைகளில் வாழும் ஒரு சிறிய இறாலைத் தேர்ந்தெடுத்தார். ஜப்பானியர் அதனை ‘யமட்டோ நுமா எபி’ என்பர். ஜப்பானின் சதுப்புநில இறால் என்பது பொருள். ஸ்டிம்ப்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1860-இலேயே அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியிருந்தார். 1892-இல் மற்றோர் அறிஞர் அறியாமல் வேறு பெயரும் சூட்டினார். இரண்டும் ஒன்றே என்பது 2006-இல்தான் தெளிவாயிற்று. ஆனால் உலகம் இன்று அதனை ‘அமானோ இறால்’ என்றே அழைக்கிறது. பெயர் சூட்டியவரைவிட, அதன் பணியை அறிந்தவரே நினைவில் நின்றார். அமானோ 2015-இல் காலமானார். அவ்வாண்டு லிஸ்பன் நகரில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளமுள்ள நீர்வனத் தொட்டி அவருடைய கடைசிப் பெரும்பணியாக விளங்குகிறது.

அந்த இறாலை நம் மூன்று வினாக்களின் முன் நிறுத்திப் பாருங்கள். அது எதை உண்ணும்? அதன் சிறு கொடுக்குகளின் நுனியில் தூரிகை போன்ற மயிர்க் கற்றைகள் உண்டு. அவற்றால் இலையையும் கல்லையும் ஓயாமல் துடைத்துத் துடைத்து வாயில் இட்டுக்கொள்ளும். நூற்பாசியும் அழுகிய இலையும் அதற்கு வாழ்நாள் முழுவதும் உணவு. உயிருள்ள செடிக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. எவ்வளவு வளரும்? பெண் இறால் இரண்டு அங்குலத்தைத் தாண்டுவது அரிது. எப்படிப் பெருகும்? இங்கேதான் இயற்கையின் விந்தை இருக்கிறது. தாய் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை வயிற்றின் கீழ் சுமக்கிறது. பொரித்த குஞ்சுகள் ஓடை நீரில் மிதந்து கடலை அடைந்தால்தான் பிழைக்கும். உப்புநீரில் வளர்ந்து உருமாறிய பின்னர் மீண்டும் நதிவழியே மேலேறி வரும். நன்னீரிலேயே தங்கிய குஞ்சு சில நாட்களில் மடிந்துவிடும்.

ஆகவே மூன்றாவது வினாவுக்கும் விடை கிடைத்துவிட்டது. திருவண்ணாமலையிலிருந்து கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இந்த இறால் ஒன்று கைதவறிக் குளத்தில் விழுந்தாலும், அது தன் ஆயுளான இரண்டு மூன்று ஆண்டுகளுடன் முடிந்துபோகுமே அன்றி, அங்கேயே பெருகிக் குளத்தை நிரப்பிவிடாது. தொட்டியில் பெருகாதது வணிகருக்குக் குறையாகத் தோன்றலாம்; ஊர்க்குளத்தைக் காக்க நினைப்பவருக்கு அதுவே நிறை.

இதற்கு மாறாக, இன்று கடைகளில் மிகுதியாக விற்கப்படுவது செர்ரி இறால். கீழைச் சீனமும் தைவானும் அதன் தாயகம். இயற்கையில் மங்கிய பழுப்பு நிறமுடைய அதனை, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்துக் குங்குமச் சிவப்பாக்கினார்கள். 1904-இல் அதனை விவரித்தவர் பூவியே என்னும் பிரெஞ்சு அறிஞர். அதுவும் பாசியை மேயும். ஆனால் உருவில் சிறியதாதலால் மெல்லிய படலத்தை மேயுமே அன்றி, நீண்ட நூற்பாசியை அமானோ இறாலைப் போலத் தீர்க்காது. அது நன்னீரிலேயே முட்டை பொரிக்கும். தாயைப் போன்ற உருவுடன் குஞ்சு வெளிவரும். பத்து இறால் சில மாதங்களில் நூறாகும். மின்நிலையங்களின் வெந்நீர் கலப்பதால் வெதுவெதுப்பாக ஓடும் ஜெர்மானிய, போலந்து நாட்டு நீரோட்டங்களில் யாரோ விட்ட இந்த இறால் இன்று குடியேறிவிட்டது. குளிர் நாட்டில் வெந்நீரை நாடிப் பிழைத்த உயிருக்கு நம் நாட்டுக் குளத்தில் எந்தத் தடை இருக்கும்? வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாம். ஆனால் தொட்டி கழுவிய நீரைக்கூட வாய்க்காலில் ஊற்றாமல், வெயிலில் காய்ந்த மண்ணில் ஊற்றும் கட்டுப்பாடு உடையவரே அதை வளர்க்கத் தகுதியுடையவர்.

நம் நாட்டிலேயே இத்தகைய உயிர் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஏன் இல்லை! வாய்க்காலில் துணியை விரித்துப் பிடித்தால் கண்ணாடிபோலத் துள்ளும் கூனிகளைக் கிராமத்து மாணவர்கள் அறிவார்கள். அவற்றுள் பல, அமானோ இறாலின் நெருங்கிய உறவினர்களே. மேற்சொன்ன பூவியே 1918-இல் விவரித்த இறால்களுள் ஒன்று இந்தியாவில் கிடைத்ததே ஆகும். இன்று அது வெளிநாட்டுத் தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்படுகிறது. நம் கூனியை அயலார் காசு கொடுத்து வாங்குகையில், நாம் அயலூர்க் கெளுத்தியை வாங்கிக்கொண்டிருக்கிறோம்! ஆயினும் ஓர் எச்சரிக்கை: கடை மீன்களுடன் ஒரே தொட்டியில் வாழ்ந்த கூனியை மறுபடி வாய்க்காலில் விடலாகாது, உடன் நோயும் செல்லும்.

பணியாளரைத் தேர்ந்தபின் அவருக்கு ஏற்ற இடம் தருவது நம் கடமை. சித்திரை வெயிலில் நம் ஊர் கொதிக்கும். நீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். ஆகவே தொட்டியை நிழலில் வைத்து நீரை அசையச் செய்தல் வேண்டும். இறால் தன் மேலோட்டை அவ்வப்போது கழற்றிப் புதிது பூணும். அந்த நாளில் உடல் மென்மையாக இருப்பதால் செடிகளிடையே ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். பெரிய மீன்களுடன் வைத்தால் பணியாளரே இரையாவார். செம்புக் குடத்தில் வைத்த நீர் நமக்குப் புனிதம். இறாலுக்கோ தாமிரம் நஞ்சு. ஆதலால் அந்த நீரை ஊற்றலாகாது. பத்து லிட்டர் நீருக்கு ஓர் இறால் என்பது வளர்ப்போர் பலர் கொள்ளும் அளவு.

இவ்வளவு செய்தும், இறால் எல்லாப் பாசியையும் தீர்த்துவிடும் என்று எண்ண வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிய கடினமான பச்சைப் புள்ளியை அது சுரண்டாது. நீரே பச்சையாகக் கலங்கினால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. இரையைக் குறைப்பதும், விளக்கை அளவோடு எரியவிடுவதும், செடியைப் பெருக்குவதும், வாரந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றுவதும் மனிதன் செய்ய வேண்டிய வேலை. நாம் விட்ட மிச்சத்தை இறால் துடைக்குமே தவிர, நம் சோம்பலைத் துடைக்காது. எங்கள் பள்ளித் தொட்டியில் ஆறு அமானோ இறால்களை விட்டபோது, இரையளவைப் பாதியாகக் குறைக்கும் பொறுப்பை அந்த மாணவனே ஏற்றான். இரண்டு மாதங்களில் செடிகள் தெளிந்த பச்சையுடன் நின்றன. பாதி வெற்றி இறாலுடையது; பாதி அவனுடையது.

திருவண்ணாமலைக் கோயிலுக்குள் ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே சிவகங்கைத் தீர்த்தம் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் மண்டபத்தையும் ராஜகோபுரப் பணியையும் தொடங்கியபோது குளத்தையும் வெட்டுவித்தார் என்று கல்வெட்டு கூறுகிறது. கோபுரம் சிதைந்தால் நம் கண்ணுக்கு உடனே தெரியும். ஊர் திரண்டு பழுது பார்க்கும். குளத்தினுள் ஓர் அந்நிய உயிர் புகுந்து, அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்த கெண்டையையும் கூனியையும் அழித்தால் நீரின் மேற்பரப்பு முன்போலவேதான் இருக்கும். இழப்பை எவரும் அறியார். முன்னோர் நமக்கு வைத்துச் சென்றது கற்படிகளை மட்டுமன்று. அந்த நீரில் வாழும் உயிர்களையும் சேர்த்தே வைத்துச் சென்றார்கள்.

ஒரு வேலைக்கு ஏற்ற ஆளை ஆராய்ந்து அமர்த்தும் முறைக்கென்றே திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அரசன் அமைச்சரைத் தேர்வதற்குச் சொன்ன அந்த அறம், சிறுவன் தன் தொட்டிக்கு ஓர் இறாலைத் தேர்வதற்கும் பொருந்துகிறது. மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் ஒரு கடையில் நின்று, “இது எல்லாப் பாசியையும் தின்றுவிடும்” என்று விற்பவர் சொல்லக் கேட்டால், அந்த மூன்று வினாக்களையும் கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஒரு வாரப் பொறுமைதான் எங்கள் அய்யங்குளத்தைக் காத்தது.